கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது சேலம் வந்து திரும்புவது எப்படி?

ஆடி பிறந்தாலே அமெரிக்காவில் இருக்கும் சேலத்துக்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். குகை வண்டி வேடிக்கை, கோட்டை மாரியம்மன் பண்டிகை, இடையில் யாராவது ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம். அம்மா போனில் "ஒரு எட்டு வந்துட்டுப் போயிடு கண்ணு" என்கிறார். கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கிறோம், இப்போது ஊருக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் திரும்பும்போது அமெரிக்க அதிகாரியிடம் எந்தத் தாளைக் காட்டி உள்ளே போகப் போகிறீர்கள் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான்.

படி 1: நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

"கிரீன் கார்டு பிராசஸில் இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோம். அதற்குள் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. கம்பெனி நமக்காகப் போட்ட ஐ-140 மனு மட்டும் அப்ரூவ் ஆகி, வரிசையில் தேதி வருவதற்காகக் காத்திருப்பவர்கள் ஒரு வகை. நம்மவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். இவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் என்று ஒன்று இன்னும் போடப்படவே இல்லை. வழக்கம்போல விசாவில் வந்து விசாவில் திரும்ப வேண்டியதுதான்.

தேதி வந்து ஐ-485 என்ற அந்த விண்ணப்பத்தைப் போட்டு, அதற்கான ஐ-797சி ரசீது கையில் இருப்பவர்கள் இன்னொரு வகை. மீதிப் பதிவு இவர்களுக்கானது.

படி 2: திரும்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது உரிய அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரல் 1க்குப் பிறகு பெரியவர் ஒருவருக்கு ஐ-485 கட்டணமே 1,440 டாலர். காசு போவதைவிட, மறுபடி வரிசையில் தேதி திறக்கும் வரை காத்திருப்பதுதான் பெரிய வலி.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள். முதலாவது அட்வான்ஸ் பரோல், சுருக்கமாக ஏபி; அதாவது வெளியே போய்த் திரும்புவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதி. இரண்டாவது எச்-1பி, எல்-1 வேலை விசாக்களும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4, எல்-2 விசாக்களும். இந்த விசாக்களில் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு: விசா செல்லுபடியாக இருந்து, அதே நிலையில் திரும்பினால் ஐ-485க்கு ஒன்றும் ஆகாது. எஃப்-1 மாணவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது, அவர்களுக்கு ஏபி மட்டும்தான்.

எச்-1பி விலக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதே கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் ஏற்காட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது லேஆஃப் மெயில் வந்தால் அந்த வழி மூடிவிட்டது என்று அர்த்தம். அதேபோல ஐ-485ஐ வைத்து வாங்கிய ஈஏடியை (வேலை அனுமதி கார்டு) காட்டி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டவர்கள் எச்-1பி நிலையை விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் இருக்கிறதே என்று அதை நீட்டக் கூடாது. ஏபி ஒன்றே வழி.

என் அபிப்ராயம்: விசா இருந்தாலும் ஏபியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, ஏபி மட்டும் இருந்தால் சென்னை கான்சுலேட்டில் விசா ஸ்டாம்பிங் செய்வதை நம்பாமல் ஏபியிலேயே திரும்புங்கள். ஏபியில் திரும்பினால் எச்-1பி வேலையே போய்விடும் என்று பயப்படுவார்கள். அப்படி இல்லை. அதே கம்பெனியில், எச்-1பி அனுமதிக் காலம் முடியும் வரை வேலையைத் தொடரலாம். அடுத்த எக்ஸ்டென்ஷனில் மறுபடி எச்-1பி நிலைக்கே வந்துவிடலாம்.

முன்பு விசா முடிந்தும் தங்கியிருந்தவர்கள், போலீஸ் வழக்கு ஏதாவது இருப்பவர்கள் இதையெல்லாம் படித்து முடிவெடுக்க வேண்டாம். நேராக இம்மிகிரேஷன் வக்கீலிடம் போங்கள்.

படி 3: ஏபிக்கு விண்ணப்பிப்பது

படிவம் ஐ-131. ஐ-485 கூடவே போடலாம், பிறகும் போடலாம். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 போட்டவர்கள் இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனித்தனி விண்ணப்பம். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை; அதற்குப் பதிலாக இந்தியாவுக்குள் வர ஓசிஐ அட்டையோ இந்திய விசாவோ வேண்டும். பெரியவர்களின் தாள்களைத் துரத்தும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

போட்டுவிட்டோம், வந்தால் தபாலில் வரட்டும் என்று கிளம்பக் கூடாது. விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். ஏபி கையில் வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

ஏபி இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று ஐ-512எல் என்ற தாள். இன்னொன்று ஈஏடி கார்டிலேயே சேர்ந்து வருவது. கார்டைக் கையில் எடுத்து, முன்பக்கம் அடியில் 'சர்வ்ஸ் அஸ் ஐ-512 அட்வான்ஸ் பரோல்' என்ற வரி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அது வேலை செய்வதற்கான கார்டு மட்டுமே, பயணத்துக்கு உதவாது. அப்படியே கடைசித் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவில் இறங்கும் நாளில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

படி 4: திடீர்ப் பயணம் என்றால்

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஏபி இன்னும் வரவில்லை. யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) கான்டாக்ட் சென்டரைக் கூப்பிட்டு, அவசர ஏபிக்கு உள்ளூர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். அங்கே பூர்த்தி செய்த ஐ-131, கட்டணம், போட்டோக்களோடு ஆதாரமும் கேட்பார்கள். ஆதாரம் சேலத்திலிருந்துதான் வர வேண்டும். தம்பியையோ மாமாவையோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். நோயாளி பெயர், என்ன நோய், சேர்த்த தேதி, ஆபரேஷன் தேதி, மகனோ மகளோ உடனிருக்க வேண்டியது ஏன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சீல், கையெழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் மங்கலான போட்டோ போதாது. அவர் உங்கள் அப்பாதான் என்று காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

இதை வைத்து அன்றே கொடுத்தும் இருக்கிறார்கள், மறுத்தும் இருக்கிறார்கள். அதனால்தான் ஊருக்குப் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஏபியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

படி 5: டிக்கெட்

ஏபியில் திரும்புபவர்கள் ஐரோப்பா வழியாக டிக்கெட் எடுக்கும் முன் யோசியுங்கள். அங்கே சில விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்பார்கள். அமெரிக்க விசா இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் ஏபி விசா ஆகாது. துபாய், தோஹா வழி பரவாயில்லை.

படி 6: ஊரில் இருக்கும்போது

அமெரிக்க வீட்டுத் தபால் பெட்டியைப் பார்க்க ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பயோமெட்ரிக்ஸ் அழைப்போ, கூடுதல் ஆவணம் கேட்டு ஆர்எஃப்இயோ வந்து, கெடு தாண்டிவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

சென்னையில் ஸ்டாம்பிங் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு நாள் கைரேகை, இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் கான்சுலேட்டில் நேர்காணல். 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கைப் பெரிதும் சுருக்கிவிட்டார்கள். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அந்த மாதம் அப்பாயின்ட்மென்ட்டை நம்பி ஊருக்கு வந்த பலருக்குத் தேதி 2026க்குத் தள்ளிப்போய், திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

படி 7: திரும்பும் நாள்

நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் பெங்களூரில்தான் விமானம் ஏறுகிறோம். ஓசூர் தாண்டியதும் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சற்று முன்னதாகவே போய்ச் சேருங்கள், ஏனென்றால் செக்-இன் கவுன்ட்டரிலும் நேரம் பிடிக்கும். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு "விசா எங்கே சார்?" என்பார்கள். ஏபியைக் காட்டுங்கள். புரியாவிட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லிப் பொறுமையாக நில்லுங்கள். ஏபி அசல், ஐ-485 ரசீது, வேலைக் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.

அமெரிக்காவில் இறங்கியதும் ஏபிகாரர்களைத் தனி அறைக்கு அனுப்புவது வழக்கம்தான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள், போனை எடுக்க விடமாட்டார்கள். பெயரைக் கூப்பிட்டதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பரோலுக்கு 1,000 டாலர் கட்டணம் என்று 2025 அக்டோபரில் ஒன்று வந்ததே என்று கேட்பீர்கள். ஐ-485 நிலுவையில் இருந்து ஏபியில் திரும்புபவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஏபி கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம், மல்கோவா. பாசத்தில் அம்மா பெட்டியில் வைத்துவிடுவார், எடுத்து வெளியே வையுங்கள். பயணிகள் பையில் இந்திய மாம்பழத்துக்கு அனுமதி இல்லை, மறைத்தால் அபராதம். வறுத்து அரைத்த ஏற்காடு காப்பித் தூளுக்குத் தடையில்லை, ஆனால் உணவுப் பொருள் இருக்கிறது என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 8: வீடு போய்ச் சேர்ந்ததும்

ஐ-94 தளத்தில், நீங்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவை இறக்கிப் பாருங்கள். ஏபியில் வந்திருந்தால் வகை 'டிஏ' என்றும், எச்-1பியில் வந்திருந்தால் 'எச்1பி' என்றும் இருக்க வேண்டும். பெயர், தேதி, வகை எதிலாவது தவறு இருந்தால், அமெரிக்கச் சுங்க, எல்லைத் துறையான சிபிபியின் டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள். புதிய ஐ-94 நகலைக் கம்பெனி எச்ஆருக்கும் வக்கீலுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த எக்ஸ்டென்ஷனுக்கு அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.