மாநிலச் சின்னங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வரையாடு, மரகதப்புறா, பனை, செங்காந்தள், பலா என்று தமிழ்நாட்டுச் சின்னங்களை மனப்பாடம் செய்யவைத்தால் பரீட்சையோடு மறந்துவிடும். பனையில் தொடங்குங்கள், அதுதான் கைக்கு எட்டுவது. நுங்கைத் தின்றபின் மீந்த கூட்டில் வண்டி செய்துகொடுங்கள், அதை ஓட்டும்போதே பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி, நுங்கு பெண் பனையில்தான் கிடைக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். அப்புறம் ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கி மழைக்கு முன் புதையுங்கள். முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் போகும், அதனால் ஒன்றும் வரவில்லையே என்று பிள்ளை தோண்டிப் பார்க்கும். பார்க்கட்டும், ஒன்றிரண்டு போனால் போகிறது.

செங்காந்தள் மழைக்காலத்தில் வேலியோரம் பூக்கும். கிழங்கு, விதை எல்லாமே நஞ்சு, எனவே பறிக்காமல் பார்த்து வரையச் சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளுமாக விரிந்த பூ நாளாக நாளாகச் சிவப்பதால் ஒரே பூவைச் சில நாள் தொடர்ந்து வரைந்தால் நன்றாக இருக்கும்.

வரையாட்டை ஆழியாறு–வால்பாறை மலைச்சாலையில் வண்டியிலிருந்தே பார்க்க வாய்ப்புண்டு. தீனி மட்டும் போடாதீர்கள். மரகதப்புறா காட்டுத் தரையில் இரை தேடும் கூச்சப் பறவை, அதற்குப் படமே போதும். பலாவுக்குப் பாடம் எதற்கு, ஒரு பழம் வாங்கினால் சரி.

2019-இல் அறிவிக்கப்பட்ட மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன். பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது, பிள்ளையை விட்டு உறவினர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.