டி வ்ரீஸ் என்ற டச்சுக் குடும்பப் பெயர்: வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு அறிவியலிலோ பிளஸ் டூ உயிரியலிலோ ஹியூகோ டி விரிஸ் என்ற பெயரைப் படிக்காமல் வந்தவர்கள் நம்மில் குறைவு. சடுதிமாற்றக் கோட்பாடு என்றாலே அந்தப் பெயரும் கூடவே நினைவுக்கு வரும். 1848-இல் ஹார்லெம் நகரில் பிறந்த அந்தத் தாவரவியலாளரின் குடும்பப் பெயரான டி வ்ரீஸ், நெதர்லாந்தில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படுகிற பெயர். 2007-ஆம் ஆண்டுக் கணக்கில் டி யோங் என்ற பெயருக்கு ஏறத்தாழ 84,000 பேர், ஒற்றை ‘எஸ்’ போட்ட யான்சனுக்கு 73,500 பேர், அடுத்ததாக டி வ்ரீஸுக்கு 71,000 பேர் இருந்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் இது சுமார் 230 பேருக்கு ஒருவர்.

பெயரின் பொருளும் எளிது. நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃபிரீஸ்லாந்துக்காரர், அவ்வளவுதான். அகராதியில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் பொருள் எளிதாக இருக்கும் பெயரில்தான் நாம் அவசரப்படுகிறோம். யார், எந்த ஊரில், எப்போது இன்னொருவரை அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்காமலே முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

முதலில் அந்த ‘டி’. நம் ஊரில் கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் டி வில்லியர்ஸைத் தெரியும், டி காக்கைத் தெரியும், இலங்கையின் டி சில்வாவைத் தெரியும். எழுத்து ஒன்றாக இருப்பதால் மூன்றும் ஒரே வகை என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூன்றும் மூன்று மொழி. டி வில்லியர்ஸ் பிரெஞ்சு. மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1689-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு வந்த பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் சகோதரர்கள் மூவரின் வழியாக அங்கே வேர்விட்ட பெயர் அது. அதிலுள்ள ‘டி’க்கு ‘இன்ன ஊரிலிருந்து’ என்று பொருள். டி சில்வா போர்ச்சுக்கீசியப் பெயர். அங்கும் ‘டி’ என்றால் ‘இன்னாரின், இன்ன இடத்தின்’ என்றுதான் பொருள். டி காக் மட்டுமே டச்சு; ‘சமையற்காரர்’ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘தி’ என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் டச்சில் ‘டி’ செய்கிறது. ஊரைக் குறிக்க டச்சுக்காரர்கள் ‘வான்’ போடுவார்கள். வான் டைக் என்றால் கரையணையிலிருந்து வந்தவர், வான் லேவன் என்றால் லேவன் என்ற ஊரிலிருந்து வந்தவர். இலங்கையில் ஒரு பெயரில் ‘டி’ இருப்பதைப் பார்த்ததும் டச்சுப் பறங்கியர் என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். டி வோஸ் டச்சுதான், ‘நரி’ என்று பொருள். டி சில்வாவும் டி மெல்லும் அதற்கு முந்திய போர்ச்சுக்கீசியர் காலத்து வரவு.

இந்த ‘டி’ இன்னொரு இடத்திலும் காலை வாரும். நெதர்லாந்தில் பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது ‘டி’யைக் கணக்கில் எடுப்பதில்லை. டி வ்ரீஸ் ‘வி’ வரிசையில் ‘வ்ரீஸ், டி’ என்று நிற்கும். எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குப் போனால் அதே பெயர் ‘டி’ வரிசையில் இருக்கும். பழைய பதிவேட்டைப் புரட்டி, ‘டி’ பக்கத்தில் காணோம் என்று மூடிவைத்துவிட்டால் எழுபதாயிரம் பேரையும் தவறவிட்டதாகிவிடும். ரோமன் எழுத்தில் எழுதும்போது, முன்பெயர் கூட இருந்தால் ‘டி’ சின்ன எழுத்து, திரு. டி வ்ரீஸ் என்று மட்டும் எழுதினால் பெரிய எழுத்து. அமெரிக்கா போனவர்களில் பலர் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். 1982-இல் ஒரு நோயாளிக்கு நிரந்தரச் செயற்கை இதயம் பொருத்திய வில்லியம் டிவ்ரீஸ் தம் பெயரை ஒட்டித்தான் எழுதுகிறார்.

சரி, இனி ‘வ்ரீஸ்’. இன்றைய டச்சு அகராதியைப் பார்த்துப் பொருள் சொல்வது அடுத்த தவறு. டச்சில் இதே எழுத்துக் கூட்டலுக்கு ‘நான் உறைகிறேன்’ என்றும் பொருள் உண்டு. குளிர் நாடு, அதனால் இந்தப் பெயர் என்று யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம். டிரெந்தே மாகாணத்தில் வ்ரீஸ் என்று ஒரு கிராமமே இருக்கிறது, அதையும் சிலர் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஊரிலிருந்து வந்தவர் என்றால் பெயர் ‘வான் வ்ரீஸ்’ என்றுதான் அமைந்திருக்கும். ‘டி’ போட்டால் அது ஆளின் அடையாளம், ஃபிரீசியர் என்ற இன அடையாளம்.

பெரும்பாலோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ஃபிரீஸ்லாந்துக்காரர் என்று பொருள் வருகிறதா, அப்படியானால் முன்னோர் இன்றைய ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் பிறந்தவர் என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, இடைக்காலத்தில் ஃபிரீசியர் நிலம் இன்றைய ஒரு மாகாணத்தைவிட மிகப் பெரியது. வட ஹாலந்தில் ஹோர்ன், எங்க்ஹவுசன் ஊர்கள் இருக்கும் பகுதிக்கு இன்றும் மேற்கு ஃபிரீஸ்லாந்து என்றுதான் பெயர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்துக் கோமகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் அடக்கும்வரை அங்கிருந்தவர்கள் தனித்தே நின்றார்கள். கிழக்கே ஜெர்மனியில் கிழக்கு ஃபிரீசியா இருக்கிறது. அதன் துறைமுக நகரம் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய கப்பலுக்கு இந்த நகரத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ‘சரியான எம்டன்’ என்று நாம் ஆளைச் சொல்வோமே, அந்தச் சொல்லின் ஊரும் ஃபிரீசிய மண்தான். ஆகவே ஒரு டி வ்ரீஸின் பாட்டனார் இந்த மூன்று பகுதிகளில் எதிலிருந்தும் வந்திருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஊர் முழுக்க ஃபிரீசியர்கள் இருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் ‘ஃபிரீசியர்’ என்று கூப்பிட்டு என்ன பயன்? மதுரையில் இருப்பவரை யாரும் மதுரைக்காரர் என்று அழைப்பதில்லை. அவர் சென்னைக்குப் போனபிறகுதான் மதுரைக்காரர் ஆகிறார். இதுவும் அப்படித்தான். 1527-இல் ஃபிரீஸ்லாந்தின் லேவர்டன் நகரில் பிறந்த ஹான்ஸ் வ்ரேடமன் டி வ்ரீஸ் என்ற ஓவியரும் கட்டடக் கலைஞருமானவர் ஆண்ட்வெர்ப் உள்ளிட்ட வெளியூர்களில்தான் பெயர் பெற்றார். ஊருக்குள்ளேயே பிறந்த ஃபிரீசியப் பெயர்களுக்குச் சாயல் வேறு: டைக்ஸ்ட்ரா, ஹூக்ஸ்ட்ரா, போஸ்ட்மா. ‘-ஸ்ட்ரா’ என்றால் அங்கே வசிப்பவர். பொறியியல் மாணவர்கள் படிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தின் டைக்ஸ்ட்ராவும் பெயரளவில் ‘கரையணையோரம் வசிப்பவர்’தான். ஆனால் அவர் பிறந்தது ரோட்டர்டாமில். ஃபிரீசியச் சாயல் உள்ள பெயர்களும் ஊர்விட்டு ஊர் போகும் என்பதற்கு அவரே சாட்சி.

இந்த விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. காரணம், ஃபிரீஸ்லாந்துக்குள்ளேயும் டி வ்ரீஸ்கள் ஏராளம். படகோட்டிகளும் கடலோடிகளும் நிறைந்த பகுதி அது. ஆம்ஸ்டர்டாம் துறையில் ஒட்டிக்கொண்ட பெயர் வீடு திரும்பும்போது கூடவே வந்திருக்கலாம். குடும்பப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது விரும்பி எடுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கட்டாயம் பற்றியும் ஒரு தவறு நிலைத்துப் போயிருக்கிறது. ‘டச்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்ததே நெப்போலியன்’ என்பார்கள். 1810-இல் ஹாலந்தைப் பிரான்சோடு இணைத்த நெப்போலியன், 1811 ஆகஸ்ட் 18 அன்று, பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது உண்மை. ஆனால் மேற்கிலும் தெற்கிலும் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. வ்ரேடமன் டி வ்ரீஸ் பிறந்தது நெப்போலியனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தி. ஆணை உண்மையில் உறைத்தது ஃபிரீஸ்லாந்து, குரோனிங்கன், டிரெந்தே போன்ற வட, கிழக்குப் பகுதிகளில். அங்கே நம் இனிஷியல் வழக்கம் போலத்தான்: பீட்டரின் மகன் யான், யானின் மகன் பீட்டர் என்று தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். ஆணை வந்தபின் குடும்பத் தலைவர்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரோடு பதிந்தார்கள். ஃபிரீஸ்லாந்தின் அந்தப் பதிவுகள் லேவர்டனிலுள்ள டிரேசோவார் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அதில் ஒருவர் பெயர் இருப்பதால் அது 1811-இல் புதிதாகச் சூடிய பெயர் என்று எழுதிவிடக் கூடாது. பழைய பெயரையே பதிந்தவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். நெப்போலியனைக் கேலி செய்ய வேடிக்கைப் பெயர் வைத்தார்கள் என்ற கதையும் அப்படித்தான். அதற்கு எப்போதும் காட்டும் உதாரணம் ‘நிர்வாணமாகப் பிறந்தவர்’ என்று பொருள் தரும் நாக்ட்கெபோரன். அந்தப் பெயர் 1811-க்கு வெகுகாலம் முன்பே இருந்தது. தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் திரிபு என்பதுதான் பெயராய்வாளர்கள் தரும் விளக்கம்.

இப்படிப் பல ஊர்களில், பல காலங்களில், தனித்தனியாக முளைத்த பெயர் என்றால் எல்லா டி வ்ரீஸ்களும் ஒரே குடும்பம் என்பது நடக்காத காரியம். ‘டி வ்ரீஸ் குடும்பச் சின்னம்’ என்று கேடயம் வரைந்து விற்பவர்களிடம் காசைத் தொலைக்காதீர்கள். சின்னம் ஒரு வம்சக் கிளைக்கு உரியது. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது.

நம் கரையோடு இதற்குத் தொடர்பு உண்டு. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள், கல்லில் உள்ள பெயரை வைத்து ‘இவர் ஆம்ஸ்டர்டாம்காரர்’ என்று சொல்லிவிடுவார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் கப்பலேறியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா போன்ற வெளிநாடுகளைச் சேர்ந்தவர்கள். கணக்குப்பிள்ளைகள் அவர்கள் பெயரைத் தங்கள் காதில் விழுந்தபடி டச்சாக எழுதினார்கள். டச்சுப் பெயர் இருந்தால் டச்சுக்காரர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். நம்பகமான கணக்கு வேண்டுமென்றால் மேர்டென்ஸ் ஆய்வு நிறுவனம் தொகுத்த டச்சுக் குடும்பப் பெயர்த் தரவுத்தளத்தைப் பாருங்கள். இப்போது ஹேக் நகரின் குடும்ப வரலாற்று மையம் அதை இணையத்தில் நடத்துகிறது. 1947, 2007 என்று இரண்டு ஆண்டுகளின் கணக்கு அதில் இருக்கும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ‘பெயர் வளர்ந்திருக்கிறது’ என்று சொல்வதுதான் பலரும் செய்யும் பிழை. 1947-இல் நாட்டின் மக்கள்தொகை 96 லட்சம், 2007-இல் 1 கோடியே 63 லட்சம். எழுபது சதவீதம் கூடியிருக்கிறது. அந்த அளவுக்குக் கூடாத எந்தப் பெயரும் எண்ணிக்கையில் வளர்ந்தாலும் பங்கில் சுருங்கியிருக்கிறது. வரைபடம் பார்க்கும்போதும் தலைக்கணக்கு வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் எந்தப் பெயரைப் போட்டாலும் ஆம்ஸ்டர்டாமும் ரோட்டர்டாமும்தான் கருத்துத் தெரியும், ஆட்கள் அதிகம் இருப்பதால். விகிதக் கணக்கு வரைபடத்தைப் பார்த்தால் டி வ்ரீஸின் அடர்த்தி வடக்கே இருப்பது தெரியும்.

எழுத்துக் கூட்டலும் தரவரிசையை மாற்றும். இரண்டு ‘எஸ்’ போட்ட யான்சன்கள் 54,000 பேர் தனியாக இருக்கிறார்கள். ஒற்றை ‘எஸ்’காரர்களோடு சேர்த்தால் முதலிடம் டி யோங்கை விட்டுப் போய்விடும். ‘முதலாவது எது’ என்ற கேள்விக்கு எப்படிக் கூட்டினீர்கள் என்பதுதான் பதில்.

பெண்களின் பெயரிலும் கவனம் வேண்டும். டச்சுச் சட்டப்படி திருமணமானாலும் பிறந்த வீட்டுப் பெயர்தான் பதிவில் இருக்கும். கணவர் பெயரைப் புழக்கத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். திருமதி டி வ்ரீஸ்-பாக்கர் என்றால் கணவர் டி வ்ரீஸ், அவர் பிறப்பால் பாக்கர். அவருடைய முன்னோரை டி வ்ரீஸில் தேடினால் வேறு வீட்டுக்குப் போய்ச் சேருவோம். 1998 முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையும் தரலாம். 2024 ஜனவரி 1 முதல் இருவர் பெயரையும் சேர்த்தே தரலாம். இனி வரும் கணக்குகளை 2007-ஓடு ஒப்பிடுவது இன்னும் கடினமாகும்.

கணக்கில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கும் டி வ்ரீஸ் என்றுதான் பெயர். 1940-இல் நெதர்லாந்தில் ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாஜிகள் கொன்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2021-இல் திறந்த நினைவுச் சுவரில் ஆளுக்கு ஒரு செங்கல். டி வ்ரீஸ் என்ற பெயர் அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. 1947 கணக்கைத் ‘தொடக்கக் கணக்கு’ என்று எழுதுகிறவர்கள், அது இந்தப் படுகொலைக்குப் பிறகு எடுத்த கணக்கு என்பதை மறக்கவே கூடாது.

சுரிநாமில் வேறு விதம். டச்சுக் காலனியான அங்கே 1863 ஜூலை 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பப் பெயர் பதிய வேண்டியிருந்தது. ஆனால் இருக்கிற டச்சுக் குடும்பங்களின் பெயரை அவர்களுக்கு வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெயர்களை முன்பின்னாகத் திருப்பிப் போட்டார்கள். வில்கென்ஸ் ‘கென்ஸ்வில்’ ஆனது. டி வ்ரீஸ் ‘வ்ரீஸ்டெ’ ஆனது. 1995-இல் கோத்தன்பர்க் உலகத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் சுரிநாமுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர் லெட்டிட்டியா வ்ரீஸ்டெ. டி வ்ரீஸ் என்ற பெயரின் எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். பெயரின் வரலாற்றை எழுதுகிறவர் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.