ஜாங்கோ அமைவுக் கோப்பில் பாதைகளை எழுதும் முறை: சார்புப் பாதையும் முழுப்பாதையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு கொலுசுப் பட்டறையில், தொழிலாளர்களுக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, கழித்த சேதாரம் ஆகியவற்றைப் பதிவதற்கு, பைத்தானில் வலைச் செயலிகளை எழுத உதவும் ஜாங்கோவில் எழுதப்பட்ட ஒரு செயலி இருக்கிறது. பகலில் உலாவியில் எல்லாக் கணக்கும் சரியாகத் தெரிய, இரவு 8 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) மூலம் ஓட வேண்டிய நாள்கணக்கு மட்டும் ‘அப்படியோர் அட்டவணை இல்லை’ என்ற பிழையோடு நின்றுவிடுவதாகச் சொல்லி என்னை அழைத்தார்கள். அதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். பைத்தானும் ஜாங்கோவும் நிறுவி, ஒரு புராஜெக்டைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கொள்கிறேன்.

முதலில் அமைவுக் கோப்பான செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, டேட்டாபேசஸ் பகுதியில் ‘நேம்’ என்பதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே தரவுத்தளக் கோப்பின் பெயர் மட்டும் மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது சார்புப் பாதை, அதாவது ஏதோ ஓர் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லும் வழி. ரூட் என்னும் உச்சக் கோப்புறையிலிருந்தே தொடங்கி எழுதுவது முழுப்பாதை. செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் இடத்தைக் கொண்டு அந்தப் பாதை கணக்கிடப்படும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கட்டளை எந்தக் கோப்புறையில் நின்று ஓடுகிறதோ அதைக் கொண்டே கணக்கிடப்படும். நாலு ரோட்டில் நிற்பவருக்குச் சொன்ன வழியை அஞ்சு ரோட்டில் நிற்பவர் பிடித்துப் போனால் வேறெங்கோ போய்ச் சேர்வது போலத்தான் இது. நீங்கள் டெர்மினலில் புராஜெக்ட் கோப்புறைக்குள் நின்று ஓட்டுகிறீர்கள். க்ரானோ பயனரின் ஹோம் கோப்புறையில் நின்று ஓட்டுகிறது. பின்னணியில் நிரல்களை ஓட்டும் சிஸ்டம்டி சேவை, வேறு இடம் குறிப்பிடாதவரை, ரூட் கோப்புறையில் நின்று ஓட்டுகிறது.

இங்கே, தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டின் இயல்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. கேட்ட இடத்தில் கோப்பு இல்லையென்றால் அது பிழை சொல்லாமல், அதே பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பட்டறைக் கணினியின் ஹோம் கோப்புறையில் 0 பைட் அளவில் கிடந்த கோப்புதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே ‘அட்டவணை இல்லை’ என்று வந்தவுடன், அட்டவணைகளை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையை மறுபடி மறுபடி ஓட்டாமல், அதே பெயரில் வேறெங்காவது இன்னொரு கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனித் திருத்தம். 2020-இல் வந்த ஜாங்கோ 3.1 முதல், புதிய புராஜெக்டின் செட்டிங்ஸ் கோப்பின் தொடக்கத்திலேயே பேஸ்_டிர் என்னும் மாறி, பாதைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாத்லிப் கொண்டு எழுதப்பட்டிருக்கும். அது செட்டிங்ஸ் கோப்பின் முழுப்பாதையைக் கண்டறிந்து, ‘பேரன்ட்’ என்பதால் இரண்டு படி மேலேறி, புராஜெக்டின் தலைக் கோப்புறையில் நிற்கிறது. தரவுத்தளம், டெம்ப்ளேட், ஸ்டேடிக்_ரூட், மீடியா_ரூட் அனைத்தையும் பேஸ்_டிர், ஒரு சாய்கோடு (/), மேற்கோள் குறிக்குள் பெயர் என்ற வடிவிலேயே எழுதுங்கள். ஸ்டேடிக்_யூஆர்எல் வலை முகவரி. அதை இதில் சேர்க்க வேண்டாம். பழைய ஓஎஸ்.பாத் முறையும் வேலை செய்யும் என்றாலும், படிக்கத் தெளிவாக இருப்பதால் பாத்லிப்பையே நான் பரிந்துரைப்பேன். முழுப்பாதையைக் கையால் தட்டச்சிடுவதை நான் ஏற்பதில்லை. கணினி மாறும் நாளில் அத்தனை வரிகளையும் திருத்த நேரும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மேற்கோள் குறிக்குள் உள்ள பெயரைச் சாய்கோட்டில் தொடங்கினால், பைத்தான் அதையே முழுப்பாதையாகக் கொண்டு பேஸ்_டிரை அறவே விட்டுவிடும். செட்டிங்ஸைத் தனிக் கோப்புறையாக்கி, உள்ளூருக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று எனப் பிரித்திருந்தால், ‘பேரன்ட்’ மூன்று முறை வர வேண்டும்.

சரிபார்க்க, டெர்மினலில் ரூட் கோப்புறைக்குச் சென்று, மேனேஜ் கோப்பின் முழுப்பாதையைக் கொடுத்து ஷோமைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். தரவுத்தள மாற்றங்களான மைக்ரேஷன்களை அது ஒரு கட்டத்தோடு பட்டியலிடும். ஏற்கெனவே ஓட்டிய மைக்ரேஷன்களின் கட்டங்களில் எக்ஸ் குறி இருந்தால் சரியான தரவுத்தளம் கிடைத்துவிட்டது. எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தால், பாதை இன்னும் வேறெங்கோ போகிறது.

பிற்சேர்க்கை: ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் இதைச் செய்துபார்த்த நண்பருக்கு வேறொரு சிக்கல் வந்தது. பாதையில் பின்சாய்கோட்டை (\) அடுத்துச் சிறிய ‘என்’ எழுத்தில் கோப்புறைப் பெயர் தொடங்கினால், பைத்தான் அவ்விரண்டையும் சேர்த்துப் புதுவரிக் குறியாகப் படித்துவிடும். விண்டோஸிலும் பாத்லிப் முன்சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதையே எழுதுங்கள்.