அப்பச்சி வாங்கிய ஜிப்சியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பது எப்படி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பது 2003-ல் அப்பச்சி வாங்கிய மாருதி ஜிப்சி, நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய ஜீப் வகை வண்டி. 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின், முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை. புதுசு இனிக் கிடைக்காது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். நான் மலேசியாவில் வேலையில் இருந்த இரண்டு வருஷம் வண்டி நின்றே கிடந்தது. வந்து பார்த்தால் வயரிங்கை எலி தின்றிருந்தது, பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருந்தது. கண்மாய்க்குள் புதையப் புதைய ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு செலவு வைத்ததில்லை.

அதனால் முதல் வேலை, மாதம் ஒரு நாள் ஃபோர் வீலில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டு ஓட்டுவது. முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கிற ஹப் இரண்டும் 'ஃப்ரீ'யில் இருந்தால் முன் ஆக்சிலுக்குள் எதுவும் சுற்றாது. ஆயில் அடியில் தங்கி, மேலே சீல் காய்ந்துபோகும். இறங்கி ஹப்பை 'லாக்'குக்குத் திருப்புங்கள், இரண்டையும். ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி, முன் சக்கரம் ஏன் இழுக்கவில்லை என்று அரை மணி நேரம் ஃபோர் வீல் லிவரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். திருப்பாத பக்கம் சும்மா சுற்றும், அவ்வளவுதான். ஓட்டுவது செம்மண் பாதையாக இருக்கட்டும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் தீர வழியில்லாமல், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்குத் தண்ணீரைத் தாண்டினால் மறுநாள் சோம்பாதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆக்சிலின் அடி பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தாலோ முழுசாக மாற்றிவிட வேண்டியதுதான். ஆக்சிலுக்குக் காற்றுப் போய்வருகிற பிரீதர் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி மேலே ஏற்றிக் கட்டினால் இந்தத் தொல்லை பாதி குறையும். அப்புறம் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டில், கிரீஸ் அடிப்பதற்கென்று இருக்கும் நிப்பிள்களுக்குப் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதுசு அடியுங்கள்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றி எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் டியூப் டயர்க்காரர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும், கைக்குத் தட்டாது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே ஒரு சுற்றுத் தேயுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் புது டியூபும் போச்சு.

தொண்டிக் கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சேசிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'ணங்' என்றால் சரி, 'மொத்' என்றால் அங்கே துரு தின்றிருக்கிறது. உலோக அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. இந்த ஊர்க்காரன் துருப்பிடித்த சேசிஸோடு திரிந்தால் நன்றாகவா இருக்கும்?

15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேதியை மறக்காதீர்கள்.

வெளியூருக்குப் போகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போட்டு விடாதீர்கள். முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லிவர் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டும் பிரயோஜனமில்லை, வண்டி உருண்டுவிடும். சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வாரம் ஒரு தடவை ஆத்தங்குடி வரை ஓட்டச் சொல்லுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது வேண்டாம், பேட்டரியும் ஏறாது, சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும்.