வன்னிக்குள் வேலைப் பயணம்: அறை பிடிப்பதிலிருந்து பில் வாங்குவது வரை

அலுவலகம் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும். ஆனால் மாதத்தில் பல நாள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று அலைச்சல். கணக்காய்வு, காப்புறுதி, மருந்து விற்பனை, தொண்டு நிறுவனம், கட்டட வேலை என்று இப்படித் திரிபவர்கள் நிறையப் பேர். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயணக் குறிப்பு என்று இணையத்தில் தேடினால் விமான நிலையம், புள்ளி சேர்க்கும் அட்டை, நீச்சல் தடாகம் என்றுதான் வரும். புதுக்குடியிருப்புக்குப் போகிறவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இங்கே பயணம் சுகமாக அமைவதும் சீரழிவதும் புறப்படுவதற்கு முன்பே, தொலைபேசியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால் இந்த விளக்கத்தில் பாதி, நீங்கள் இன்னும் வீட்டில் இருக்கும்போது செய்ய வேண்டியது.

படி 1: எந்த ஊரில் தங்குவது என்று முடிவெடுங்கள்

வன்னிக்குள் பெரும்பாலான இடங்களுக்குக் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஒரு சந்தியில் திரும்பித்தான் போக வேண்டும். அந்தச் சந்திகளை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். இடையில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி. புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, அது ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதே மாங்குளத்தில் மேற்கே மல்லாவி, துணுக்காய். கிளிநொச்சி தாண்டிப் பரந்தனில் கிழக்கே போனால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு இன்னொரு வீதி. மேற்கே பூநகரி.

வவுனியாவில் விடுதிகள் அதிகம் என்பதற்காகப் புதியவர்கள் அங்கே அறை எடுத்துவிட்டு, வேலைக்குத் தினமும் முல்லைத்தீவுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி நாள் வீதியிலேயே போய்விடும். நெடுங்கேணி, செட்டிகுளம் பக்கம் வேலை என்றால் வவுனியா. கண்டாவளை, பூநகரி, பளை, விசுவமடு என்றால் கிளிநொச்சி. கொக்கிளாய், முள்ளியவளை, ஒட்டுசுட்டான் என்றால் முல்லைத்தீவு நகரம். புதுக்குடியிருப்பு இரண்டுக்கும் நடுவில். வாகனம் இருந்தால் கிளிநொச்சியில் தங்கிச் சமாளிக்கலாம், பஸ் என்றால் முல்லைத்தீவுதான் வசதி. மன்னாரை இந்தச் சுற்றோடு சேர்க்க வேண்டாம், அதைத் தனிப் பயணமாக வையுங்கள்.

அப்புறம், ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் படுக்கும் திட்டத்தைப் போடாதீர்கள். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே களைத்துப்போவீர்கள். ஓர் இடத்தில் இரண்டு மூன்று இரவு தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் எனக்குச் சரிவந்த வழி.

திகதி குறிக்கும் முன் நாட்காட்டியையும் ஒருக்கால் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வரும்போது முல்லைத்தீவில் அறை கேட்டுப் பயனில்லை. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மன்னாரும் வவுனியாவும் நிரம்பிவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அறை கிடைத்தாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் இருக்கை கிடைப்பது கஷ்டம்.

படி 2: விடுதிக்கு போன் எடுத்துக் கேளுங்கள்

பதிவுச் செயலிகளில் வன்னி விடுதிகள் சில இருக்கின்றன. ஆனால் படத்தில் இருக்கும் அறைதான் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பல நல்ல இடங்கள் செயலியில் இல்லவே இல்லை. நீங்கள் போகும் அலுவலகத்தில் இருப்பவரிடம், "அக்கா, வெளியிலிருந்து வாற ஆக்கள் எங்க தங்கிறவை?" என்று கேட்டு இரண்டு மூன்று நம்பர் வாங்குங்கள். உள்ளூர்க்காரர் சொல்லும் இடத்துக்கு ஒரு நன்மை உண்டு: ஏதும் பிழைத்தால் அவரே போன் எடுத்துக் கதைப்பார்.

விடுதியில் பேசுவது இப்படிப் போகலாம்:

"வணக்கம் அண்ணை, திங்கள் இருந்து மூண்டு இரவுக்கு ஒரு ஆளுக்கு அறை இருக்கா?"
"இருக்கு தம்பி. ஏசியோ, ஏசி இல்லாமலோ?"
"ரெண்டுக்கும் விலை சொல்லுங்கோ. அறை ரோட்டுப் பக்கமா, பின்னுக்கா?"
"முன்னுக்கும் இருக்கு, பின்னுக்கும் இருக்கு."
"பின்னுக்குத் தாங்கோ. கறன்ட் போனால் ஜெனரேற்றரில ஏசி வேலை செய்யுமா?"
"இல்லத் தம்பி, லைற்றும் ஃபேனும் மட்டும்தான்."
"சரி. கொம்பனி பேரில பில் தருவீங்களா?"

இதில் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. கிளிநொச்சியில் விடுதிகள் பல ஏ9 ஓரத்திலேயே இருக்கின்றன. இரவு முழுக்க லொறியும் யாழ்ப்பாண பஸ்ஸும் ஓடும் வீதி அது. முன் அறையில் ஜன்னல் அதிரும். பின் அறை பார்வைக்கு மங்கலாக இருந்தாலும் நித்திரை வரும். ஏசி இருக்கும் அறையையே ஏசி இல்லாத விலைக்கும் பல இடங்களில் தருவார்கள், ரிமோட்டை மட்டும் தரமாட்டார்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஏசிக்குக் காசு கொடுப்பது வீண் செலவல்ல. கார்த்திகை, மார்கழி மழையில் அது தேவையே இல்லை.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: விடுதியோடு கலியாண மண்டபம் இருக்கிறதா, அன்றைக்கு ஏதும் விசேஷமா? மண்டபமும் அறைகளும் ஒரே வளவில் இருப்பது இங்கே சாதாரணம். முகூர்த்த நாளில் நடுச்சாமம் வரை பாட்டுப் போகும். கோயில் ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை, அது எங்கே தங்கினாலும் விடிய எழுப்பத்தான் போகிறது.

வங்கி அட்டை (காட்) எடுப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் நகரத்தில் இலங்கை வங்கி, மக்கள் வங்கி இயந்திரங்களில் காசு எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே போன பிறகு இயந்திரம் தேடி அலைய முடியாது.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு: குடும்பமாக நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்களைத் தெரிவு செய்யுங்கள். மதுச்சாலையும் அறையும் ஒன்றாக இருக்கும் இடத்தைத் தவிருங்கள். நீங்கள் பேசுவதற்கு முன் உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசி வைத்தால், "தனியவோ வாறீங்கள்?" என்ற விசாரணை பாதியாகக் குறையும். அந்தக் கேள்வி எரிச்சல்தான். ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே.

படி 3: போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. கொழும்பிலிருந்து வருபவருக்கு இதுதான் முதுகு நோகாத வழி. இருக்கையை ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது, மாங்குளத்தில் இறங்க வேண்டியவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். முல்லைத்தீவுக்கு ரயில் பாதை கிடையாது.

இரவு பஸ்ஸில் வருபவர்களுக்கு வேறொரு சிக்கல். யாழ்ப்பாணம் போகிறவர் விடிந்தபின் இறங்குவார், கிளிநொச்சிக்காரர் விடியப்புறம் நாலு, ஐந்து மணிக்கே இறங்க வேண்டும். அந்த நேரத்தில் விடுதிக் கேற் பூட்டியிருக்கும். காவலாளியின் நம்பரை முதல் நாளே வாங்கி வையுங்கள். வெள்ளென வந்தால் அறை தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்பதையும் பேசி முடியுங்கள். நடத்துநரிடம் இறங்கும் இடத்தை ஏறும்போது ஒரு தடவை, வவுனியாவில் ஒரு தடவை என்று இரண்டு முறை சொல்லுங்கள். சொகுசு பஸ்களில் இடையில் இறங்கினாலும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கான முழுக் காசுதான், அதில் விவாதித்துப் பலன் இல்லை.

படி 4: ஒரு பையை நிரந்தரமாகக் கட்டி வையுங்கள்

அடிக்கடி போகிறவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடுக்கக் கூடாது. ஒரு சிறிய பைக்குள் இவை எப்போதும் இருக்கட்டும்: சாரம் அல்லது வீட்டு உடுப்பு, துவாய், ரப்பர் செருப்பு, மெல்லிய படுக்கை விரிப்பு, ரோச் லைற், பவர் பாங்க், நுளம்புக்குப் பூசும் கிறீம், பனடோல், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) இரண்டு மூன்று பக்கற், துணி காயப்போட நைலோன் கயிறு, அடையாள அட்டையின் போட்டோப் பிரதி.

மல்ரி பிளக் தனியாகச் சொல்ல வேண்டிய சாமான். பழைய கட்டடங்களில் உருண்டை முள் துளை, புதியவற்றில் சதுர முள் துளை. கட்டில் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது, துளை கதவுக்கு மேல் இருக்கும். நீள வயரோடு இரண்டு வகை முள்ளும் ஏற்கும் ஒன்றை வாங்கி விடுங்கள்.

இரண்டு வலையமைப்பு சிம் வைத்திருப்பது நல்லது. ஏ9 இல் எதுவும் எடுக்கும். காட்டோரக் கிராமத்துக்குள் போனால் ஒன்று எடுக்கும் இடத்தில் மற்றது எடுக்காது. உடுப்பில் வெள்ளையைத் தவிருங்கள், கிரவல் வீதிப் புழுதி ஒரே நாளில் அதை வேறு நிறமாக்கிவிடும்.

படி 5: காசு கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள்

திறப்பைக் கையில் வாங்கியதும் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள். முதலில் குளியலறை. குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள், தண்ணீரின் நிறத்தையும் வேகத்தையும் பாருங்கள். மலசலகூடத்தில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பிறகு மெத்தையின் விளிம்பைத் தூக்கித் தையலோரம் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் தெரியும். கதவின் உள் தாழ்ப்பாள் சரியாகப் பூட்டுகிறதா? ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா? குரங்குகள் திரியும் இடமானால் ஜன்னலோரம் பழம், பிஸ்கற் வைக்க வேண்டாம். ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் வரும் பூஞ்சண மணம் போகாவிட்டால் வேறு அறை கேளுங்கள்.

இந்த நேரத்தில் அறை மாற்றிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு, உடுப்பெல்லாம் பரப்பிய பிறகு கேட்டால்தான் முகம் மாறும்.

நுளம்பைப் பற்றி ஒரு சொல். வன்னி என்றதும் வயதானவர்கள் மலேரியாவைச் சொல்லிப் பயப்படுத்துவார்கள். அது ஒரு காலம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று கொடுத்துவிட்டது. இப்போது பயப்பட வேண்டியது டெங்குக்கு. அந்த நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே இரவு வலை போட்டால் மட்டும் போதாது, காலையில் வேலைக்கு இறங்கும்போதே கிறீமைப் பூசுங்கள்.

படி 6: தண்ணீரும் சாப்பாடும்

பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கனமானது, சில இடங்களில் சவர். சோப் நுரைக்காது, தலைமயிர் பிசுபிசுக்கும். குளிக்கப் பரவாயில்லை. குடிக்க ஐந்து லீற்றர் போத்தல் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைத் தேடிப் போங்கள். மரக்கறி மட்டும்தான். ஆனால் கண்முன்னே சுடும் தோசை, இடியப்பம், குரக்கன் புட்டு என்று வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு, விலையும் குறைவு. வெள்ளிக்கிழமைகளில் பல சைவக் குடும்பங்கள் நடத்தும் கடைகளில் மச்சம் (மீன், இறைச்சி) இருக்காது. சிறிய ஊர்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு கொத்துரொட்டி தவிர எதையும் எதிர்பார்க்காதீர்கள். விடுதியில் இரவுச் சாப்பாடு வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நின்றால் கச்சான் வாங்காமல் ஏறாதீர்கள், மாலைப் பசிக்கு அதுதான் கை கொடுக்கும்.

படி 7: வெளியில் போகும்போது

போர் 2009 இல் முடிந்தது, கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் ஒன்றுக்குப் போக என்று பற்றைக்குள் இறங்காதீர்கள். சனம் நடக்கும் பாதையில் நில்லுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் கேளுங்கள். தேத்தண்ணியும் தந்துதான் அனுப்புவார்கள்.

பொழுதுபட முன் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் யானை. ஏ9 இல் யானையை விட மாடு பெரிய ஆபத்து. இரவில் வீதியின் நடுவிலேயே படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும் வரை தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இருட்டியபின் ஓடுவதையே விடுங்கள். உட்கிராமங்களிலிருந்து கடைசி பஸ்ஸும் வெள்ளெனப் போய்விடும், இறங்கும்போதே நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

மாரியில் குளங்களின் வான்கதவு திறந்தால் உள்வீதிகள் மூடப்படும். வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும் நாட்களும் உண்டு, அன்று முல்லைத்தீவுக்கு ஒட்டுசுட்டான் வழிதான். வயலுக்குள் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், இலவசம்.

படி 8: பில்லும் திரும்பலும்

பில்லைக் கடைசி நாள் காலை கேட்காதீர்கள். எழுதுபவர் இருக்கமாட்டார், புத்தகம் முதலாளி வீட்டில் இருக்கும். முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள். விடுதியின் பெயர், முகவரி, உங்கள் நிறுவனத்தின் பெயர், எத்தனை இரவு, எந்தத் திகதி என்பவை தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தனிப் பில் வாங்குங்கள், கணக்குப் பகுதி இரண்டையும் ஒன்றாகக் கண்டால் திருப்பி அனுப்பும். வாங்கியதும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள், வெப்பத் தாளில் அடித்த எழுத்து வன்னி வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும்.

கொழும்பு பஸ் யாழ்ப்பாணத்திலேயே நிரம்பி வரும். கிளிநொச்சியில் ஏற வேண்டுமானால் இருக்கையை முன்பதிவு செய்து, ஏறும் இடத்தைச் சொல்லி, நடத்துநரின் நம்பரையும் வாங்குங்கள். அறையை மதியம் விட வேண்டும், பஸ் வர இரவாகும். இடைப்பட்ட நேரத்துக்குப் பையை வைக்கவும், புறப்படும் முன் ஒருக்கால் குளிக்கவும் விடுவார்களா என்று கேளுங்கள். இரண்டு இரவுக்கு மேல் தங்கியவருக்குப் பெரும்பாலும் காசில்லாமலே விடுவார்கள். மறுத்தால் அரைநாள் வாடகை பேசிக்கொள்ளலாம்.