ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது மாடித்தோட்டத்தை எப்படி விட்டுப் போவது?

கோடை விடுமுறைக்கு ஏழெட்டு நாள் வெளியூர் போக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மாடி திருச்சியில் இருக்கிறது. கத்திரி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குத் தாங்காது. தோட்டம் வைத்தபின் ஊருக்கே போகாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போக வேண்டாம்; கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்கினால் போதும்.

பை நிரப்புவது, நாற்று நடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தாகத்தைக் குறைப்போம்

ஒரு சின்னக் கணக்கு. ஓரடி அகலப் பையில் காய்க்கிற தக்காளியோ கத்திரியோ மே மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். 20 பைகள் என்றால் 40 லிட்டர், 8 நாளுக்கு 320 லிட்டர். கடையில் கிடைக்கும் நீல டிரம் 200 லிட்டர்தான் பிடிக்கும். செடி குடிப்பதைப் பாதியாக்கினால் 160 லிட்டர். ஒரே டிரம்மில் முடிந்துவிடும். அதனால் குழாய் வாங்க ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பைகளை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நெருக்கமாக நகர்த்துங்கள். பிற்பகல் வெயிலை அந்தச் சுவர் கொஞ்சம் மறைக்கும். தரைச்சூடு ஏறாமல் அடியில் செங்கல் கொடுங்கள். மேலே வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை. ஒரு வாரம் வெயில் குறைந்தால் தக்காளிக்கு ஒன்றும் ஆகாது. வலையை ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். கோடை மழையோடு வரும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும், நான்கு மூலையும் இறுக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் மூடாக்கு, அதாவது பை மண்ணுக்கு மேலே ஒரு போர்வை. காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் சரி, இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை மட்டும் தொடாமல் விடுங்கள், இல்லையென்றால் அங்கே அழுகல் வரும். என்னைக் கேட்டால் மட்டைதான் சிறந்தது, காற்றுக்குப் பறக்காது.

கடைசி வாரத்தில் பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற ஊட்டக் கரைசல் எதுவும் வேண்டாம். இளந்தளிர் விட்டால் தண்ணீரும் அதிகம் கேட்கும், அசுவினிப் பூச்சியும் வந்து உட்காரும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிடுங்கள்: லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு.

பை உள்ளே ஈரமாக இருக்கிறதா?

பையில் நிரப்பிய தென்னைநார்க்கழிவு நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றியது ஓரமாக வழிந்து அடி ஓட்டை வழியாக ஓடிவிடும். பார்க்க நனைந்த மாதிரி இருக்கும்; விரலை ஒரு கணு ஆழம் விட்டால் உள்ளே புழுதி. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிய சில நொடியில் அடியில் ஒழுகினால் அந்தப் பை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சிறிய பை என்றால் அகலத் தொட்டித் தண்ணீரில் இறக்கி வைத்து, குமிழி நிற்கும்வரை விட்டுவிடலாம். இதைச் செய்யாமல் சொட்டுநீர் போட்டால் சொட்டு ஒரே தடத்தில் நேராகக் கீழே போய்விடும், பக்கத்து வேருக்குக் கிடைக்காது. அதனால்தான் ஒரு பைக்கு எதிரெதிரே இரண்டு டிரிப்பர் (சொட்டு விழும் முனை) வைக்கச் சொல்கிறேன்.

டிரம்மும் டியூபும்

வீட்டு மேல்நிலைத் தொட்டியிலிருந்தே இணைப்பு எடுக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூட்டிய வீட்டில் மோட்டார் போட ஆள் கிடையாது. ஒரு இணைப்பு கழன்றால் தொட்டி முழுவதும் காலி. தனி டிரம் என்றால் நட்டம் அந்த 200 லிட்டரோடு நிற்கும்.

டிரம்மை இரண்டடி உயர மேடையில் வையுங்கள். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், மேடை அதைத் தாங்க வேண்டும். குழாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே பொருத்தினால் வண்டல் உள்ளே வராது. அடுத்து ஒரு சிறிய வடிகட்டி, நேரம் வைத்தால் தானே திறந்து மூடும் டைமர், கறுப்பு 16 எம்எம் டியூப், கடைசியில் டியூப் முனையை அடைக்கும் எண்ட் கேப். வெள்ளை டியூபில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும், வாங்காதீர்கள்.

டைமரில் கவனம். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். நம் டிரம் தருவது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வகை டைமர் பலவும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் திறக்காது. ‘பால் வால்வ்’ வகை, அழுத்தமே இல்லாமல் வேலை செய்யும் என்று கேட்டு வாங்குங்கள். டிரிப்பரும் அப்படித்தான்: அழுத்தத்தைச் சமன் செய்யும் விலை உயர்ந்த வகை இங்கே உதவாது, திருகி அளவு மாற்றும் சாதாரண வகை போதும்.

எல்லாம் மாட்டிய பிறகும் கடைசி நான்கைந்து பைக்குத் தண்ணீர் வராமல் நிற்கும். என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த இடம் இதுதான். டிரிப்பர் அடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பே இல்லை. டியூப் ஒரு செங்கல்லின் மேல் ஏறி இறங்கியிருந்தது; அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டது. குறைந்த அழுத்தத்தில் தண்ணீரால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது. டியூபைத் தரையோடு தரையாக, மேடு பள்ளம் இல்லாமல் போடுங்கள். பிறகு எண்ட் கேப்பைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். முதலில் கொடகொடவென்று காற்றும் நீருமாகத் துப்பும். சீரான ஒரே ஒழுக்காக மாறியதும் மூடுங்கள்.

இப்போது டம்ளர் சோதனை. ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே ஒரு டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டிரம்முக்கு அருகில் இருப்பதைக் கொஞ்சம் இறுக்கி, தூரத்தில் இருப்பதைத் தளர்த்தி, எல்லா டம்ளரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும்வரை திருகுங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி என்றால் இரண்டு டிரிப்பருக்கும் சேர்த்து 200 மில்லி. பாதியாக்கிய பின் ஒரு பைக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஒரு லிட்டருக்கு 50 நிமிடம் வேண்டும். காலை ஐந்தரைக்கு 25 நிமிடம், மாலை ஆறுக்கு 25 நிமிடம். டிரம்மில் நீர்மட்டம் இறங்க இறங்க சொட்டும் மெதுவாகும் என்பதால் ஐந்து நிமிடம் கூட்டியே வையுங்கள். டிரம்மில் 160 போக மிச்சமுள்ள 40 லிட்டர் அதற்குத்தான்.

இந்த அமைப்பு மூன்று நாளாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஓடட்டும். கையால் ஒரு சொட்டு ஊற்றாதீர்கள், மனசு கேட்காது என்றாலும்.

டிரம் வாயை மூடி மேலே துணி கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், அதாவது நாம் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரம். பைக்கு அடியில் இருக்கும் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள்.

கிளம்பும் நாள்

வெண்டை, கொத்தவரை, புடலை, பாகல் எல்லாவற்றையும் பிஞ்சுவரை பறித்துவிடுங்கள். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூ குறையும். நிறம் மாறத் தொடங்கிய தக்காளி வீட்டுக்குள்ளேயே பழுக்கும். அரைக்கீரையை அடித்தண்டை விட்டு அறுங்கள், திரும்பும்போது தழைத்திருக்கும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கிச் சமைத்துவிடுங்கள்.

வெண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய காய். அதனால் எதிர் வீட்டு அக்காவிடம் “தண்ணீர் ஊற்றுங்கள்” என்று கேட்பதை விட, “அக்கா, வெண்டைக்காய் முற்றிப்போகும், நீங்கள் பறித்துச் சமைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சாவி கொடுப்பேன். காய் பறிக்க மேலே வருகிறவர் டியூப் கழன்றிருந்தால் பார்த்துவிடுவார்.

பிறகு சேர்த்தது

நான்கைந்து தொட்டிதான் இருக்கிறது, டிரம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குத் திரி போதும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து விரல் தடிமனுக்கு முறுக்கி, நனைத்து, ஒரு முனையை மூடி போட்ட வாளித் தண்ணீரிலும் மறுமுனையை வேர் அருகே மண்ணிலும் புதையுங்கள். நடுவில் வெளியே தெரியும் பகுதியை ஒரு துண்டு ஹோஸ் பைப்புக்குள் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் திரி காய்ந்து, தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் காற்றுக்குப் போய்விடும்.

அணில் டியூபைக் கடிக்கிறது என்ற புகாரும் வந்தது. பெரும்பாலும் தாகத்துக்குத்தான் கடிக்கிறது, பாவம். அக்கா வரும்போது ஒரு மண்சட்டியில் ஒவ்வொரு முறையும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். டியூபுக்கு அது வருவது குறையும். ஊரிலிருந்து வந்ததும் நிழல்வலையை நண்பகலில் கழற்றாதீர்கள். நிழலில் பழகிய இலை கருகிவிடும். மாலையில் ஒரு பக்கம் சுருட்டி, இரண்டு மூன்று நாளில் மெதுவாக முழுவதும் எடுங்கள்.