ரத்தம் நின்னுட்டா நோய் போயிட்டுன்னு நினைக்காதீங்க

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. பெருங்குடலோட உள் சவ்வுல வர்ற புண்ணு இது, மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல ஏறும். மார்த்தாண்டம் பக்கம் எங்க ஊர்ல வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதுன்னு சொன்னா உடனே மூலம்னு சொல்லிருவாங்க, நானும் அப்படித்தான் நம்புனேன். ரப்பர் பால் வெட்டுறவன் நான், மூணு மணிக்கு எந்திரிச்சுப் போற வேலை, ஒறக்கம் இல்லாம உடம்பு சூடு பிடிச்சிட்டுன்னு நினைச்சு எட்டு மாசம் மூலத்துக்குப் பொடி தின்னேன். பத்து மரம் வெட்டுறதுக்குள்ள கத்திய கீழ போட்டுட்டு ஓடுவேன், போனா ஒரு கரண்டி சளியும் ரத்தமும்தான் வரும், மலம் இருக்காது.

அங்கதான் வித்தியாசமே இருக்கு. மூலத்துல பெரும்பாலும் மலம் போனப்புறம் சொட்டு சொட்டா ரத்தம் வரும், சளி கலந்து வர்றது கம்மி, ராத்திரி ஒறக்கத்துல இருந்து எழுப்பி ஓட வைக்காது. எனக்கு வந்த மாதிரி சளியும் ரத்தமுமா வந்தா கூச்சப்படாம கொலனோஸ்கோப்பி, அதாவது பின்வழியா கேமரா குழாய் விட்டு குடலப் பாக்குற டெஸ்ட், பண்ணி சதை எடுத்துப் பாருங்க.

அடுத்து நான் பண்ணுனது இன்னும் பெரிய தப்பு. மெசலமின்னு இந்தப் புண்ணுக்குக் குடுக்குற மாத்திரை போட்டு மூணு மாசத்துல ரத்தம் நின்னுட்டு, சரியாயிட்டுன்னு மாத்திரைய நானே நிறுத்திட்டேன். மழைக்கு வெட்டு இல்லாம வீட்ல கிடந்த நேரத்துல திரும்ப வந்துட்டு, அதுவும் முன்னைய விட மோசமா. ரத்தம் நின்னாலும் உள்ள புண்ணு ஆறியிருக்கணும்னு இல்ல, கால்ப்ரொடெக்டின்னு ஒரு மல டெஸ்ட் இருக்கு, அதுல கொஞ்சம் தெரியும். மருந்து நிறுத்துறது டாக்டர் சொல்லித்தான். புண்ணு மலக்குடல்ல மட்டும் இருந்தா பின்னால வைக்கிற மாத்திரை, வாயால எடுக்கிறத விட நல்லா வேலை செய்யும், ஆனா வெக்கப்பட்டு அத டப்பாவோட அலமாரில வச்சிருக்கிறவங்கதான் நிறைய.

ஸ்டீராய்டு ரத்தத்த சீக்கிரம் நிறுத்தும், அதனாலயே பழைய சீட்டக் காட்டி மெடிக்கல்ல தானா வாங்கிப் போடுறாங்க. அது நோய் கிளம்புற நேரத்துக்கு மட்டும்தான், வருஷக்கணக்குல போட்டா எலும்பு, சுகர் எல்லாம் கெடும், திடீர்னு நிறுத்துனாலும் ஆபத்து, படிப்படியாத்தான் குறைக்கணும். இடுப்பு வலிக்குன்னு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போடுறதும் நோயக் கிளப்பி விடலாம்.

இனி சீன மருந்து. சிங்கப்பூர்ல வேலை பாக்குற சித்தப்பா மகன் பாசத்துல ஒரு டப்பா கொடுத்து விட்டான், கேப்சூலப் பிரிச்சா விரலெல்லாம் நீலமா ஒட்டுது. சிங் தாய்னு பேரு, நம்ம அவுரி மாதிரி நீலச் சாயம் தர்ற செடிங்கள்ல இருந்து எடுக்குறது. இது சும்மா இல்ல மக்கா, ஜப்பான்ல சோதிச்சப்ப எட்டு வாரத்துல நல்லாவே வேலை செஞ்சுது. ஆனா இத எடுத்த சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாய்ல பிரஷர் ஏறிட்டு, 2016-ல அந்த நாட்டு சுகாதார அமைச்சகமே எச்சரிச்சுது, அந்தச் சோதனையையும் பாதியில நிறுத்துனாங்க. படி ஏறும்போது மூச்சு வாங்குறத நாம குடல் நோயோட சேத்துப் பாப்பமா? அதான் பயம்.

நம்ம நிலவேம்பும் சீனாவுல உள்ள மருந்துதான். 2013-ல வந்த ஆய்வுல தினம் 1800 மில்லிகிராம் சாறு எடுத்தவங்கள்ல 60 சதவீதம் பேருக்குக் குறைஞ்சுது, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 40. அதுக்காக டெங்கு குடிநீர காய்ச்சிக் குடிச்சிட்டு மாத்திரைய விட்றாதீங்க. வைத்தியர்ட்ட போறது தப்பில்ல, டாக்டர்ட்ட மறைக்கிறதுதான் தப்பு. லேபிள் இல்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்து விக்கிறதும் உண்டு, நாலு நாள்ல ரத்தம் நின்னா அதிசயம்னு நினைக்காம சந்தேகப்படுங்க.

நோய் வந்து எட்டு வருஷம் ஆனா, நல்லா இருந்தாலும் கேன்சருக்காக கொலனோஸ்கோப்பி பாக்கணும், எனக்குப் போன வருஷம் பாத்தாச்சு. ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதுக்கு மேலயோ ரத்தமாப் போயி, கூடவே காய்ச்சலோ நெஞ்சு படபடப்போ இருந்தா, கஞ்சித்தண்ணி குடிச்சிட்டு நாளைக்குப் பாக்கலாம்னு படுக்காதீங்க, அன்னைக்கே அட்மிட் ஆகுங்க.